வேன் இன்ஜின் வைத்த கார்

1

இங்கே ஒரு காரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறு இன்ஜின் வைத்தால், அதைச் சாலையில் இறக்கப் பதினோரு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். நான் மெல்பர்ன் நகரின் மேற்கு ஓரத்தில் ஒரு பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். படிவம் எனக்குப் பழக்கம்தான். ஒரு விளக்கை மாற்றினால்கூட யார் மாற்றினார், எத்தனை மணிக்கு மாற்றினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய ஊர் இது. நல்லம்பள்ளியிலிருந்து பேசும்போது தங்கை கேட்பாள், "அங்க வேல ரொம்பக் கஷ்டமாண்ணா?" வேலை கஷ்டமில்லை தாயே, செய்ததை நான்தான் செய்தேன் என்று எழுதுவதுதான் கஷ்டம் என்பேன். அவள் சிரிப்பாள். அது சிரிக்கிற விஷயமில்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

படிவம் என் மகள் தாரிணியுடையது. பத்தொன்பது வயது. மூன்று வயதில் இங்கே தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. கையில் கிரீஸ் படாத வேலைக்கு இவள் போக வேண்டும் என்றுதான் கடல் தாண்டினேன். அவள் ஒரு வருடம் கல்லூரிக்குப் போனாள், பிடிக்கவில்லை என்று வந்தாள், மெக்கானிக் படிப்பில் சேர்ந்துவிட்டாள். ஆறு மாதம் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவள் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்னால் வந்த ஒரு குட்டிக் காரை வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள். அதே மாடலின் மூன்று தலைமுறை பிந்திய இன்ஜினைப் பழைய வண்டிகள் உடைக்கிற இடத்திலிருந்து கொண்டுவந்தாள். இரண்டையும் பொருத்தப் போகிறேன் என்றாள். எனக்குக் கை சும்மா இருக்குமா? நானும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

எட்டு மாதம். இன்ஜினைத் தாங்கும் கட்டைகள் பழைய சட்டத்தில் உட்காரவில்லை, வெட்டி ஒட்டினோம். புது இன்ஜினின் வயர்கள் பழைய காரின் மீட்டரோடு பேச மறுத்தன, அவள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பேச வைத்தாள். எனக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு மொழி கிடைத்தது அந்த எட்டு மாதத்தில்தான். ஒரே ஒரு நாள் மட்டும் நான் அவளோடு இல்லை. இன்ஜினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயைப் பொருத்துகிற நாள். காய்கறி வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். வீட்டில் காய்கறி இருந்தது.

சான்று தருகிற பொறியாளர் வந்தார். பீட்டர் என்று ஒரு வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு காரைச் சுற்றி இரண்டு மணி நேரம் பார்த்தார். கடைசியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை ஒருமுறை மிதித்தார். முதல் மிதியிலேயே பெடல் விறைத்துக்கொண்டது. நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மிதிக்காவது பூஸ்டரில் பலம் மிச்சம் இருக்க வேண்டும், இதில் இல்லை. மறுபடி பார்த்தார், தலையை ஆட்டினார். குழாயில் இருக்க வேண்டிய ஒரு சின்ன வால்வு இல்லை. "இதைப் பொருத்தியது யார்?" என்று கேட்டார்.

கேள்வி பொதுவாகத்தான் வந்தது. ஆனால் அவர் பார்த்தது என்னை. நான் மெக்கானிக் என்று முதலிலேயே பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன் அல்லவா?

என் வாய் முந்திக்கொண்டது. "ஷீ ஒன்லி டிட், சார். ஐ டோல்டு ஹெர்." பதினைந்து வருடமாகியும் என் வாயிலிருந்து போகாத அந்த 'ஒன்லி', போகாத அந்த 'சார்'. அவள்தான் செய்தாள், நான் அப்போதே சொன்னேன். இரண்டாவது பாதி பச்சைப் பொய்.

தாரிணி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு பீட்டரிடம், "ஆமாம், நான்தான் பொருத்தினேன். வால்வை விட்டுவிட்டேன், என் தப்பு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பேனாவை வாங்கிப் படிவத்தில் எழுதினாள். அவர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நடந்தது அவ்வளவுதான். ஒருவர் கையும் ஒடியவில்லை, காலும் ஒடியவில்லை.

2

அவர் போன பிறகு அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அப்புறம் தன் அரைகுறைத் தமிழில் கேட்டாள்: "நீங்க என்கிட்ட சொல்லவே இல்லப்பா. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வாய் தவறி வந்துடுச்சும்மா" என்றேன்.

"வாய் தவறி இல்ல. டக்குன்னு வந்துச்சு. பழக்கமா இருக்கிற மாதிரி."

பெற்ற மகள் இப்படிச் சொன்னால் ஒரு தகப்பனுக்குக் கோபம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற வியர்வைதான் வந்தது. இவளுக்கு யார் சொன்னார்கள் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். யாரும் சொல்லியிருக்க முடியாது. அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்.

இனி எழுதப் போவதை இதற்கு முன் எங்கும் எழுதியதில்லை. வெளிநாட்டு வாழ்க்கை பற்றிப் பத்திரிகைக்கு நான் அனுப்பிய குறிப்புகளில் குளிர், ரயில், இட்லி மாவு புளிக்காத கதை எல்லாம் இருந்தன. நான் எப்படி இங்கே வந்து சேர்ந்தேன் என்பது மட்டும் இல்லை.

3

நல்லம்பள்ளியில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில் எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. பெரிய பெயர் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வேலைக்கு மட்டும் பாப்பாரப்பட்டியிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் என்னைத் தேடி வருவார்கள்: பெட்ரோல் காரில் டீசல் இன்ஜின் வைப்பது. சேலத்தில் பழைய இரும்புக் கடைகளில் அடிபட்ட வேன்கள் வந்து கிடக்கும். வண்டி நசுங்கியிருக்கும், இன்ஜின் நன்றாக இருக்கும். அதைத் தூக்கி வந்து, பத்து பதினைந்து வருடம் பழைய காரின் வயிற்றில் உட்கார வைப்பேன். ஒன்றின் கியர்பாக்ஸ், இன்னொன்றின் ரேடியேட்டர், மூன்றாவது ஒன்றின் சைலன்சர். எந்த வண்டி என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. கம்பெனிப் பெயர்கள் இங்கே வேண்டாம். அவர்கள் செய்த வண்டியில் ஒரு குறையும் இல்லை, குறை முழுக்க நான் செய்தது.

அந்தோணி அண்ணன் அப்படித்தான் வந்தார். எங்கள் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டரில் அவர் ஊர். கோயிலைச் சுற்றி வீடுகள், வீடுகளைச் சுற்றிக் காடு. கொஞ்சம் நிலம், ஒரு வாடகைக் கார். கல்யாணம், ஆஸ்பத்திரி, வேளாங்கண்ணி என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான். ஓட்டுவதில் ரொம்பக் கண்டிப்பு. தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கக் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போகிற ஆட்கள் உண்டு, இன்றும் உண்டு. கியரில் இருந்தால் இறக்கத்தில் இன்ஜினும் வண்டியை இழுத்துப் பிடிக்கும், நியூட்ரலில் மொத்த பாரமும் பிரேக்மேல்தான். அவர்களைக் கண்டால் அண்ணனுக்கு ஆகாது. "சாவறதுன்னா தனியாப் போய்ச் சாவுங்கடா, பின்னாடி சனங்கள வெச்சிக்கிட்டு என்னடா நியூட்ரலு" என்று டீக்கடையில் வைத்தே திட்டுவார்.

அவர் காருக்கு ஒரு வேன் இன்ஜின் எடுத்து வந்தேன். நல்ல இன்ஜின். ஒரே ஒரு இடைஞ்சல். இதை ஓட்டத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

நாம் பிரேக்கை மிதிக்கும்போது அந்தப் பலம் அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. நடுவில் பூஸ்டர் என்று ஒரு கறுப்பு டப்பா, நம் காலின் பலத்தை மூன்று நான்கு மடங்காக்கி அனுப்பும். அது வேலை செய்ய இன்ஜின் அதிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜின் அதைத் தானாகச் செய்துவிடும். டீசல் இன்ஜின் செய்யாது. அதற்காக ஒரு சிறிய பம்பு தனியாக வைத்திருப்பார்கள். அந்த வேன் இன்ஜினில் பம்பு ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. வேனில் இடம் இருந்தது. காரில் ஸ்டியரிங் பெட்டி வந்து இடித்தது. நான் என்ன செய்தேன்? பம்பு இல்லாத சின்ன ஆல்டர்னேட்டர் ஒன்றை மாட்டினேன். பம்பைத் தனியாக வைக்க ஒரு தாங்கி கடைந்து வாங்க வேண்டும், லேத்துக்காரர் பத்து நாள் கேட்டார். அண்ணனுக்குக் கல்யாண சவாரி காத்திருந்தது. எனக்கும் கையில் வேறு வேலை. அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று பூஸ்டர் குழாயின் வாயை ஒரு போல்ட்டால் அடைத்தேன். அதன்மேல் டேப் சுற்றினேன். டேப் எதற்கு? அவர் கண்ணில் படக் கூடாது என்பதற்கு.

பிரேக் பிடிக்கும். பிடிக்காமல் இல்லை. பெடல் மட்டும் கெட்டியாக இருக்கும், இரண்டு ஆள் பலம் போட வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் பூஸ்டரா இருந்தது, ஓட்டவில்லையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் அண்ணன் வந்தார். "குமரேசா, வண்டி நல்லா இழுக்குதுப்பா. பெடலுதான் கல்லாட்டம் இருக்குது."

"புது பிரேக் லைனிங்குங்ணா. ஆயிரம் கிலோமீட்டர் ஓடுனா எளகிரும்."

"அப்படியா, சரி சரி" என்றார். மெக்கானிக் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. தாங்கிக்கு நான் லேத்துக்காரரிடம் சொல்லவே இல்லை. அந்த நேரத்தில்தான் இந்த நாட்டுக்கு வர விண்ணப்பித்திருந்தேன், கை வேலையில் இருந்தாலும் மனசு கப்பலேறிப் போய்விட்டிருந்தது.

4

இரண்டு மாதம் கழித்து அண்ணன் தன் மாமனார் சூசை அவர்களை ஏற்றிக்கொண்டு சேலம் போனார். பெரியவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். போகிற வண்டிதானே என்று பின்சீட்டில் மண்டிக்கு ஆறு மூட்டை புளியையும் ஏற்றியிருந்தார்கள். தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன லாரிகள் திடீரென்று நின்றன. அண்ணன் மிதித்தார், மிதித்தார், கார் நிற்கவில்லை. லாரிக்குள் போய்ச் செருகாமல் இருக்க இடது பக்கம் பாறைமேல் திருப்பினார். இடது பக்கம் பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் போன் வந்தது. தூக்குகிற வண்டியைக் கூட்டிக்கொண்டு அரைமணியில் போய்விட்டேன். இருவரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றியாகிவிட்டது. பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்றன, காரை உடனே ஓரம் தள்ளச் சொன்னார்கள். நான் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டேன். கியர் மூன்றாவதில் இருந்தது. கிளட்சை மிதித்து இழுத்தும் வரவில்லை. வழியில் போன இரண்டு பேர் எதற்கென்று தெரியாமலே பின்னால் நின்று காரை அசைத்துக் கொடுத்த பிறகுதான் வந்தது. நியூட்ரலுக்குக் கொண்டு வந்தேன், ஓரம் தள்ளினோம். அதுவரை நான் செய்ததில் தப்பில்லை. எந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்வான்.

கொஞ்ச நேரத்தில் விசாரிக்கிற அதிகாரி வந்தார், பின்னாலேயே சூசை அவர்களின் இரண்டு மகன்கள் வந்தார்கள். மூத்தவர் ஆரோக்கியசாமி காருக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகம் செத்துப் போயிருந்தது. "ஏம்பா மெக்கானிக்கு, இது நியூட்ரல்லதான இருக்குது?"

நான் பானட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பானட் நசுங்கித் திறந்து கிடந்தது. கறுப்பு டப்பாவும் டேப் சுற்றிய குழாயும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. இன்னும் இரண்டு அடி தள்ளி வந்து பார்த்திருந்தால் யாருக்கும் கேட்கத் தோன்றியிருக்கும், இது என்ன என்று.

"ஆமாங்க. நியூட்ரல்லதான் இருக்குது" என்றேன்.

பொய்யா? இல்லை. அப்போது அது நியூட்ரலில்தான் இருந்தது. இத்தனை வருடமும் அந்த ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினேன். ஆனால் அடுத்த நாள் டீக்கடையில் என்னைக் கேட்ட நாலு பேரிடம், "டீசல் மிச்சம் புடிக்கலாம்னு பாத்திருப்பாரு, பாவம்" என்று சொன்னேனே, அதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை. அந்த 'பாவம்' இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சூசை அவர்கள் நான்காம் நாள் போய்விட்டார். அண்ணனுக்கு முழங்கால் போயிற்று. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும், கியரில்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கிறார். யார் நம்புவார்கள்? பார்த்தவர்கள் இருந்தார்கள், மெக்கானிக்கே சொல்லியிருந்தான். கட்டுப்போட்ட காலோடு சாவுக்கு வந்த அண்ணனை மைத்துனர்கள் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஊருக்கெல்லாம் கண்டிப்பு சொன்ன மனுஷன் என்பதால் ஊருக்கு இன்னும் இளக்காரம். 'நியூட்ரல் அந்தோணி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அவரை ஸ்டியரிங் பிடிக்கக் கூப்பிடவில்லை.

ஏழு மாதம் கழித்து எனக்கு விசா வந்தது. அதற்கு முன்னால், என்மேல் எந்த வழக்கும் விசாரணையும் இல்லை என்று காவல் நிலையத்திலிருந்து ஒரு சான்று கேட்டிருந்தார்கள். வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் எழுதியதில் தவறில்லை. என்மேல் ஒன்றும் இல்லைதான். எல்லாம் அந்தோணி அண்ணன்மேல் இருந்தது. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வெட்கம் கெட்டவன்.

5

பீட்டர் வந்து போன அந்த வாரமே வீட்டில் சொன்னேன். என் மனைவி மஞ்சுளா சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டு முடித்தாள். "சூசைத் தாத்தா சாவுக்கு நான் வந்து அழுதேன். நீங்க என் பக்கத்துலதான் நின்னீங்க" என்றாள். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். காலையில்தான் மறுபடி பேசினாள், அதுவும் பால் தீர்ந்துவிட்டது என்று.

தாரிணிக்கு நான் தமிழில் சொன்னது பாதி புரியவில்லை. மறுபடி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. தமிழில் சொல்லும்போது வளைத்து நெளித்துச் சொல்ல இடம் இருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதற்கு வசதி இல்லை. நான் குழாயை அடைத்தேன். நான் கியரை மாற்றினேன். நான் சொல்லவில்லை. மூன்றே வாக்கியம்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அவரோட கால் இப்ப எப்படி இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடத்தில் நான்கு முறை ஊருக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் ஊர் வழியே போகாமல் சுற்றிப் போனேன். ஒருவரிடமும் விசாரித்ததில்லை. "தெரியலம்மா" என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் வால்வைத் தானே பொருத்தினாள். என்னைக் கூப்பிடவில்லை. பீட்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று மாலை நான் பணிமனையில் மூன்று வார விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. 'குடும்ப வேலை' என்று எழுதினேன். பாருங்கள், அப்போதும்.

6

அக்டோபர் கடைசியில் போய்ச் சேர்ந்தேன். அந்தோணி அண்ணன் இப்போது பால் சொசைட்டியில் பால் அளக்கிறார். காலை வேலை முடிந்து வீட்டில் இருந்தார். வலது கால் மடங்காது, நீட்டியபடிதான் நாற்காலியில் உட்கார வேண்டும். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"அட, குமரேசனா. வாப்பா வா. பிலோமினா, யாரு வந்திருக்காங்க பாரு. ஆஸ்திரேலியாவே நம்ம வூட்டுக்கு வந்திருக்குது."

அண்ணன் மனைவி, சூசை அவர்களின் மகள் பிலோமினா அக்கா வந்து எட்டிப் பார்த்தார். "வா தம்பி. பாப்பா நல்லா இருக்குதா? மஞ்சு வரலியா?" என்று கேட்டுவிட்டுக் காப்பி போட உள்ளே போனார். என்னை அவர்கள் மரியாதையாக வரவேற்றதுதான் தாங்க முடியவில்லை. காப்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், குடித்துவிட்டால் வாய் வராது என்று தோன்றியது. அதனால் உட்காராமலே சொன்னேன். பம்பு, போல்ட், டேப், பெடல் கல்லாட்டம் என்று அவர் வந்து கேட்டது, நான் சொன்ன பதில். பிறகு கியர்.

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடுகிற பையனைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எத்தனாவதுல இருந்துதுன்ன?"

"மூணாவதுலங்ணா."

"நீயே பாத்தியா, யாராவது சொன்னாங்களா?"

"என் கையாலதாங்ணா எடுத்தேன். லேசுல வரல. வண்டிய அசைச்சுதான் எடுத்தோம்."

"மூணாவதுல" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நீட்டிய காலைத் தடவிக்கொண்டே பேசினார். "மொதல்ல நானும் கியர்லதான்னு சொல்லிக்கிட்டிருந்தேன். எல்லாரும் இல்லேன்னாங்க. லீவரப் பாத்தோம்னாங்க. ஒரு வருசம் போச்சு, ரெண்டு வருசம் போச்சு. எனக்கே சந்தேகம் வந்துருச்சுப்பா. அசதியில நாமதான் தட்டி வுட்டுட்டமோன்னு. அப்புறம் அப்படித்தான்னு ஆயிருச்சு. வருசா வருசம் தவக்காலத்துல பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது சாமியார்கிட்டச் சொல்லுவேன், நியூட்ரல்ல வுட்டு மாமனாரக் கொன்னுட்டேன் சாமீன்னு."

செய்யாத பாவத்துக்கு ஒரு மனுஷன் இத்தனை வருடம் முழங்காலில் நின்றிருக்கிறான். முழங்காலிலும் இல்லை, அந்தக் கால்தான் மடங்காதே, நின்றுகொண்டேதான். நான் அவர் காலில் விழப் போனேன். "அதெல்லாம் வேண்டாம், நில்லு" என்றார். குரலில் முதல்முறையாகக் கடுமை வந்தது. எனக்கு அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அக்கா டம்ளர்களோடு வந்து நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ. காப்பியைக் கீழே வைத்தார். அண்ணனிடம்தான் சொன்னார்: "சண்ட வரும்போதெல்லாம் நானுந்தான சொன்னேன் உங்கள. எங்கப்பன உருட்டி வுட்டுக் கொன்னவன்னு."

"நீ என்ன பண்ணுவ. உனக்கு யாரு சொன்னா" என்றார் அண்ணன்.

பிறகு அவர் என்னிடம் திரும்பினார். "உனக்கு இன்னொண்ணு தெரியாது. மாமாவுக்குக் கண்ணு தெரியாதில்ல, எறக்கத்துல வண்டி வேகம் புடிக்கிறது உடம்புக்குத் தெரிஞ்சிருச்சு. 'மாப்ள, கியர்லதான வெச்சிருக்கீங்க'ன்னு கேட்டாரு. 'ஆமாம் மாமா, பயப்படாதீங்க'ன்னேன். அதுக்கப்புறம் அவரு பேசவே இல்ல. ஆஸ்பத்திரியிலயும் பேசல. அந்த மனுசன்கிட்ட நான் கடசியாச் சொன்னது பொய்யின்னு நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன் குமரேசா."

அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் அழுதுவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "நாளன்னிக்குக் கல்லறைத் திருநாள். மச்சானுங்க ரெண்டு பேரும் வருவாங்க. வந்து அங்க சொல்லு" என்றார். காப்பியைக் குடிக்கச் சொல்லவில்லை.

7

இதை எழுதலாமா என்று பின்னால் போனில் கேட்டேன். "எழுது. ஊரு படிக்கட்டும். என் பேரக் கோயில்ல வெச்ச மாதிரி எழுது, அந்தப் பட்டப்பேரு வேண்டாம்" என்றார். மேலே ஓரிடத்தில் அதை எழுதியிருக்கிறேன். அது இல்லாமல் நான் செய்தது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. அதற்கும் அவர் மன்னிக்க வேண்டும்.

கல்லறைத் திருநாள் அன்று ஊரே அங்கே இருந்தது. கழுவிவிட்ட கல்லறைகள், செவ்வந்தி மாலைகள், மெழுகுவர்த்திக் கட்டுகள். அண்ணன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்றார். வருடா வருடம் அங்கேயேதான் நிற்பாராம். அக்கா மட்டும் உள்ளே போய் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாராம். அன்று அக்கா உள்ளே போகவில்லை. அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

நான் மட்டும் உள்ளே போனேன். ஆரோக்கியசாமி அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. தம்பி கல்லறைமேல் பூப் பரப்பிக்கொண்டிருந்தார். இரண்டு பேரிடமும் சொன்னேன். சுற்றிலும் இருந்தவர்கள் காது கொடுத்தார்கள், அதனால் குரலைத் தாழ்த்தப் பார்த்தேன். பிறகு தாழ்த்தவில்லை. டீக்கடையில் சத்தமாகத்தானே சொன்னேன்.

தம்பி எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "வுடு. அப்பன் தலமாட்டுல வேண்டாம்" என்று ஆரோக்கியசாமி அண்ணன் அவர் கையை எடுத்துவிட்டார். என்னைப் பார்த்து, "அன்னிக்கு உன்னத்தான கேட்டேன்" என்றார். அவ்வளவுதான் கேட்டார். "ஆமாங்க, என்னத்தான் கேட்டீங்க" என்றேன். பிறகு அவர் என்னைத் தாண்டி வாசலுக்கு நடந்தார்.

வாசலில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பேசினார்களா என்பதே தெரியாது. மைத்துனரின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தோணி அண்ணன் காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தார், பின்னால் அக்கா. கூட்டம் வழி விட்டது. நானும் விலகினேன். என்னைக் கடந்து போகும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காதது நியாயம்தான்.

கால் மடங்காததால் அவரால் மண்டியிட முடியவில்லை. கல்லறையின் விளிம்பில் கையை ஊன்றி மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தார். மெழுகுவர்த்தியை ஏற்றுவதற்கு முன்னால் கல்லில் எழுதியிருந்த பெயருக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். கண் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னார்.

"கியர்லதான் இருந்துதாம் மாமா. நான் பொய் சொல்லல."